நலம் விசாரித்தவர்

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களில் பாதிப் பேர் பதிலுக்கு நிற்பதில்லை. நாமும் "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவர் நிற்பார். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு, நாம் முழுவதும் சொல்லி முடிக்கிறவரை நிற்பார். நடுவில் "அப்புறம்?" என்பார். பதினைந்து நாள் கழித்துப் பார்த்தாலும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார். "அந்த ஸ்கேன்ல இன்னா சொன்னாங்க?" என்பார். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருப் பெண்களை அப்படி யாரும் கேட்டதில்லை. பெற்ற பிள்ளை கேட்டதில்லை, கட்டியவனும் கேட்டதில்லை.

அவர் பிரவுன் சுகர் என்கிற போதைத்தூள் விற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஏரியாவில் அவரைப் பற்றிப் பேச உட்காருகிறவர்கள் இந்த ஒன்றைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள். "பிசினஸ்" என்பார்கள். "அவருக்கு ஆயிரம் வேலை" என்பார்கள். கஞ்சாவில் ஆரம்பித்து, தூளுக்கு மாறி, இந்தப் பக்கம் காக்ஸ் டவுன் அந்தப் பக்கம் தொம்மலூர் என்று அவர் ஆட்கள் போகாத சந்து கிடையாது. போலீசுக்குத் தெரியும், கோவிலுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அவர் கையில் ஒரு பொட்டலத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பால் பாக்கெட்தான்.

என் தம்பி சகாயம் அந்தத் தூளில் செத்தான். அவனைக் கொன்றது இவர்தான் என்று ஊரில் ஒரு வாய், ஒரே ஒரு வாய், சொல்லிக் கேட்கவேண்டும் என்று பல வருஷம் காத்திருந்தேன். ஊரை விடுங்கள். என் அம்மாவின் வாயால் கேட்டால் போதும் என்று இருந்தேன். இவ்வளவு கோபம் இருந்தும் பேனா "அவர்" என்றுதான் எழுதுகிறது பாருங்கள். இந்தக் கைக்கு எப்போது ரோஷம் வரப்போகிறதோ!

ஆள் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒல்லி. என்னைவிட நாலு விரல்கடை உயரம் இருந்தால் அதிகம். காலையில் நீலக் கட்டம் போட்ட லுங்கி, வெள்ளை அரைக்கைச் சட்டை. தங்கம் போட்டுக்கொள்ளமாட்டார். குடிக்கமாட்டார். பீடி சிகரெட் கிடையாது. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் தனியாக இருந்தார். காலை ஆறு மணிக்குத் தெருமுனைப் பால் பூத்துக்கு வந்துவிடுவார். அங்கே நாங்கள் பெண்கள் வரிசையில் நிற்போம். இத்தனை ஆட்களை வைத்திருந்த மனிதருக்குப் பால் வாங்கிவர ஓர் ஆள் கிடைக்காதா? தானே வருவார். வரிசையில் தன் இடத்தில்தான் நிற்பார். யாராவது "நீங்க முன்னாடி வாங்கிக்கங்கண்ணா" என்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். முன்னால் போய்விட்டால் விசாரிக்க நேரம் ஏது?

"ஸ்டெல்லாக்கா, கால் வீக்கம் வடிஞ்சிச்சா?" "உங்க வூட்டுக்காரரு திரும்ப வேலைக்குப் போறாரா?" "பெரியவன் பியூசில இன்னா மார்க்கு? பெயிலா? இன்னா பண்ணிகினு கீறான் வூட்ல?" இப்படி ஒவ்வொருவராக. வயதான பெண்களின் பாக்கெட்டைத் தானே வாங்கி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து கொடுப்பார். யாராவது படுத்துவிட்டால் பேக்கரியிலிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிக்கொண்டு போய்க் கட்டில் ஓரம் உட்காருவார். அவர் வாயிலிருந்து அடிக்கடி வருவது இரண்டே வாக்கியம். "வாய வுட்டு சொல்லணும்மா, சொன்னாத்தான் வழி தெரியும்" என்பது ஒன்று. "நான் பாத்துக்கறேன்" என்பது இன்னொன்று.

எந்த வீட்டில் புருஷனுக்கு வேலை போனது, எந்த வீட்டுப் பையனுக்குக் காதல் முறிந்தது, எவன் தூங்காமல் மொட்டை மாடியில் நடக்கிறான் எல்லாம் அவருக்குத் தெரியும். தெரியாமல் என்ன? நாங்கள்தான் வரிசையில் நின்று ஒப்பித்தோமே. எந்த வீட்டில் என்ன வலி என்று தெரிந்தவனுக்கு எந்த வீட்டில் என்ன போகும் என்பதும் தெரியும். இப்போது கம்பெனிக்காரர்கள் இதற்கென்று ஆள் வைத்து வீடு வீடாகக் காகிதத்தோடு அனுப்புகிறார்கள். அவருக்கு ஒரு பால் பூத் போதுமாக இருந்தது. ஆனால் மனதறிந்துதான் அப்படிச் செய்தாரா, இல்லை உண்மையாகவே எங்கள் மேல் அக்கறையா என்று கேட்டால் எனக்கு இன்றுவரை தெரியாது. கட்டோடு வெறுக்கவிடாமல் என்னை அரித்துக்கொண்டிருப்பது இதுதான்.

அவர் பெரிய ஆளானது காவிரிக் கலவரத்தின்போது. தொண்ணூற்றொன்று டிசம்பர். தமிழ்க் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, ரேடியோவை வாய்மூடச் செய்துவிட்டு, நானும் அம்மாவும் சகாயமும் வீட்டுக்குள் கிடந்தோம். அப்பா இறந்து அப்போது மூன்று வருஷம். ஒரு காலை முப்பது பேர் தெருமுனையில் வந்து நின்றார்கள். கையில் சைக்கிள் செயின், கட்டை. ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின். ஜன்னல் இடுக்கில் நானும் சகாயமும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். அவர் லுங்கியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒன்றும் இல்லை. நேராகக் கூட்டத்தின் முன்னால் போய் நின்றார். தலையைச் சாய்த்துக்கொண்டு முதல் வரிசையில் கட்டையோடு நின்ற டெம்போ டிரைவரிடம் கன்னடத்தில், "ஏனோ மஞ்சா, நிம்மம்மந்து கண்ணு ஆபரேஷன் ஆய்த்தா?" என்று கேட்டார். என்னடா மஞ்சா, உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டதா என்று.

மஞ்சா கட்டையைக் கீழே இறக்கினான். "இன்னூ இல்லண்ணா. ஷுகர் ஜாஸ்தி அந்தெ" என்றான், இன்னும் ஆகவில்லை, சர்க்கரை அதிகமாம் என்று. இவர் விடவில்லை. எந்த டாக்டர், எந்தக் கண், எத்தனை நாளாக மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டுக்கொண்டே போனார். ஊர் பற்றி எரிகிறது, இவர்கள் இருவரும் நடுத்தெருவில் நின்று கண்புரையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு மெதுவாகக் கலைந்து போனார்கள்.

"அண்ணன் சிங்கம்க்கா!" என்றான் சகாயம். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. அன்று எங்களைக் காப்பாற்றியவர் அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கலைந்த கூட்டம் வீட்டுக்கா போனது? அடுத்த தெருவுக்குப் போய் ஒரு டைலர் கடையைக் கொளுத்தியது. இரண்டு மெஷின், தீபாவளிக்குத் தைத்து வாங்காமல் கிடந்த துணி எல்லாம் போயிற்று. அந்த டைலர் குடும்பத்தோடு ஓசூருக்குப் போனவர் திரும்பவே இல்லை. இப்போது சொல்கிற கதையில் அண்ணன் கையில் பட்டாக்கத்தி இருக்கிறது, நூறு பேர் ஓடுகிறார்கள். டைலர் மட்டும் அந்தக் கதையில் இல்லை.

அதற்குப் பிறகு அவரைப் பற்றிய கதைகள் காளான் மாதிரி முளைத்தன. கோர்ட்டுக்குக் கூட்டிப்போகும் வழியில் கைவிலங்கோடு ரயில் பாலத்திலிருந்து குதித்துத் தப்பித்தார் என்பார்கள். அன்று அவர் ஜாமீனில் வந்ததை நான் பார்த்தேன். ஆட்டோவில் வந்து இறங்கி, மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று டிரைவரிடம் சண்டை போட்டார். சண்டை முடிவதற்குள் அந்த டிரைவர் தன் குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடாததைச் சொல்லிக்கொண்டிருந்தான். பம்பாயில் பெரிய தலைகள் இவர் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள் என்பார்கள். அவர் வேளாங்கண்ணிக்கு மேல் எங்கும் போனதில்லை. பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும் அவருக்கு. போகும்போது பிளாஸ்டிக் கவரும் எலுமிச்சம்பழமும் எடுத்துப்போவதைத் தெருவே பார்த்திருக்கிறது. பார்த்தவர்களேதான் பம்பாய்க் கதையையும் சொன்னார்கள். மனிதர்களுக்கு ஒரு கதை பிடித்துவிட்டால் சொந்தக் கண்ணையே நம்பமாட்டார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன் என்று எனக்கும் தெரியும்.

தொண்ணூற்றுநாலில் சகாயத்தின் மொபெட்டை ஒரு லாரி இடித்தது. வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் கட்டில்தான் என்றார் டாக்டர். வீட்டில் ஓர் அறை, ஒரு சமையலறை. அவன் முனகினால் எங்கள் மூன்று பேருக்கும் தூக்கம் இல்லை. சத்தம் வரக்கூடாது என்று அவன் தலையணை உறையைக் கடித்துக் கடித்து அதன் முனை நூல் நூலாகிவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரை இரண்டு மணி நேரம் கேட்கும், பிறகு கேட்காது. நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். காலையில் பால் வாங்கி, சமைத்து, அவனைத் துடைத்துவிட்டு, பஸ் பிடித்து ஓடுவேன். என்னை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று நானும் யாரையும் கேட்கவிடவில்லை.

ஒரு காலை பால் பூத் வரிசையில் அவர் எனக்குப் பின்னால் நின்றார்.

"தம்பிக்கு கால் எப்டிமா கீது?"

"பரவால்லண்ணா."

"பரவால்லன்னா?" தலையைச் சாய்த்தார்.

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி எல்லாம் கொட்டினேன். தலையணை உறையைச் சொன்னேன். மாத்திரை கேட்காததைச் சொன்னேன். அம்மா முட்டி வலியோடு மண்டியிட்டு ஜெபம் செய்வதைச் சொன்னேன். "அப்புறம்?" என்றார். "எதுனா பண்ணி அவன் வலிய நிறுத்தினா போதும்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். "நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது சகாயம் தூங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் சுருக்கம் இல்லை. அண்ணன் மருந்து கொடுத்தனுப்பினார் என்றார் அம்மா. என்ன மருந்து என்று கேட்டேன். கேரளா மருந்தாம் என்றார். அன்று மாதா படத்துக்கு முன்னால் அம்மா இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினார். நானும் கும்பிட்டேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அது பொய். அவர் என்ன விற்கிறார் என்று பால் வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று இரவு பல நாளுக்குப் பிறகு நான் தூங்கினேன். தூங்குகிறவர்கள் அதிகம் கேள்வி கேட்பதில்லை.

கால் கூடியது. கம்பியை எடுத்தார்கள். மருந்தை எடுக்க முடியவில்லை. அவன் இளைத்தான், பொய் சொன்னான், வேலைக்குச் சேர்ந்த இடத்திலிருந்தெல்லாம் நின்றுவிட்டான். வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அம்மாவின் தையல் மெஷினின் தலைப்பகுதி மட்டும் ஒருநாள் இல்லை. வெறும் மேஜையும் மிதிகட்டையும் நின்றன. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் அவர் மாடிக்குப் போனேன். சனிக்கிழமை, பள்ளி அரைநாள். நல்ல வெயில். படியேறும்போது என்னென்ன கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றாக மனதில் அடுக்கிக்கொண்டு போனேன்.

அவர் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வா ரெஜினா, உக்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"எந்தம்பிக்கு நீங்க இன்னா குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்ணா."

"வலிக்கு குடுத்தேன்."

"வலி போயி ஒரு வருசம் ஆச்சு."

"போச்சா?" கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். "எங்கிட்ட அப்டி சொல்லலியே. போன வாரங்கூட கேட்டேன். வலிக்குதுண்ணான்னுதான் சொன்னான்."

"அவன் பொய் சொல்றான்."

"வலிக்குதுன்னு ஒருத்தன் சொல்லும்போது, இல்ல நீ பொய் சொல்றன்னு எப்டிமா சொல்றது?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த முகத்தில் கேலி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நான் கத்தினேன். உங்களை நம்பியிருந்த வீட்டைக் கெடுத்துவிட்டீர்கள் என்றேன். அவருக்கு நிஜமாகவே மனது வலித்துவிட்டது.

"நான் எவன் வூட்லயும் தானா நொழைஞ்சதில்ல ரெஜினா. கேட்டேன். நீதான் சொன்ன. எதுனா பண்ணி வலிய நிறுத்துங்கன்னு சொன்னது நீ."

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முகத்தைப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு. தூக்கம் வரதில்லியா உனக்கு?" என்று கேட்டார். சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஆமாம்ணா, ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சைக்கிள் கடைக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சகாயத்தைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மீட்பு இல்லத்தில் சேர்த்தோம். ஏழு வாரம் இருந்தான். கன்னத்தில் சதை பிடித்துத் திரும்பி வந்தான். வந்த மறுநாள் என்னைப் போகவிடாமல் தானே பால் வாங்கிவருகிறேன் என்று போனான். அவனுக்கும் ஏதாவது செய்யவேண்டும் போல் இருந்திருக்கும். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவன் தோளில் கை போட்டு, தலையைச் சாய்த்து, ஏதோ கேட்டார். சகாயம் தலையாட்டினான். பிறகு பேச ஆரம்பித்தான். ரொம்ப நேரம் பேசினான். அவன் எங்களிடம் அவ்வளவு பேசியதே இல்லை. ஓடிப்போய் அவனை இழுத்துவந்திருக்கவேண்டும். வரிசையில் தெரிந்த பெண்கள் நின்றார்கள், அண்ணனிடமிருந்து தம்பியைப் பறித்துக்கொண்டு போனால் என்ன நினைப்பார்கள் என்று வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், குளியலறைக் கதவை உடைத்து அவனை வெளியே எடுத்தோம். இருபத்தாறு வயது.

மறுநாள் அடக்கம். முதல்நாளிலிருந்து அம்மா பேசவில்லை, அழவில்லை, பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். சொந்தக்காரர்கள் "அழுதுடு அழுதுடு" என்று உலுக்கினார்கள். அவர் வந்தார். கூட்டம் தானாக விலகியது. யாரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அவர் அதில் உட்காராமல் அம்மா பக்கத்தில் குந்தினார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, முட்டி வலியோட இப்டி வெறுந்தரைல உக்காந்துகினு கீறீங்களே. வலிக்கலியா?"

"வலிக்குதுப்பா" என்றார் அம்மா. அப்போதுதான் உடைந்து அழுதார். அவர் டீ வாங்கிவரச் சொல்லி, பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து, அம்மா வாயில் வைத்தார். அம்மா சாப்பிட்டார். என் தம்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, அவனைப் பெட்டிக்குள் அனுப்பியவர் கையால் என் அம்மா சாப்பிட்டார். அந்தக் கிளாசைத் தட்டிவிடவேண்டும் போல் இருந்தது எனக்கு. ஆனால் டீ சிந்தாமல் கீழே சாசரைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? நான்தான்.

அதன்பிறகு வருஷக்கணக்கில் அம்மாவைப் போட்டுக் குடைந்தேன். சகாவைக் கொன்றது யார், சொல்லு, உன் வாயால் ஒரு தடவை சொல்லு என்று. அம்மா பேச்சை மாற்றுவார், இல்லாவிட்டால் எழுந்து போய்விடுவார். பழி முழுவதும், ஒரு துளி மிச்சம் இல்லாமல், அவர் தலையில் விழவேண்டும் எனக்கு. ஏனென்றால் மிச்சம் இருந்தால் அது எங்கே வரும் என்று எனக்குத் தெரியும். பால் பூத்தில் நான் சொன்னதை அம்மாவிடம் நான் சொல்லவே இல்லை.

அவர் கடைசியில் சர்க்கரை வியாதியில் போனார். ஜெயிலில் இருந்தபோது காலில் புண் வந்து, விரல்களை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து, அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். ஊரில் இதை யாரும் ஒத்துக்கொள்வதில்லை. சுட்டுக் கொன்றார்கள் என்கிறார்கள், கூட இருந்தவனே விஷம் வைத்தான் என்கிறார்கள், பெட்டியில் கிடந்தது வேறு ஆள், அண்ணன் துபாயில் இருக்கிறார் என்கிறார்கள். எனக்கு ஆஸ்பத்திரி சமாச்சாரம் எப்படித் தெரியும் என்றால், அம்மா இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கஞ்சி கொண்டுபோனாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்குச் சட்டியைத் தெருவில் எறிந்தேன். "கேக்க ஆளில்லடி அவனுக்கு" என்று மட்டும் சொன்னார் அம்மா. அண்ணன் சவ ஊர்வலத்துக்கு லிங்கராஜபுரமே அடைத்துக்கொண்டது. பேண்டு வாத்தியம் இரண்டு செட்.

எங்கள் மாதா கோவிலில் நவம்பர் மாதம் முழுவதும் இறந்தவர்களுக்காகப் பூசை நடக்கும். வீட்டுக்கு ஒரு கவர் கொடுப்பார்கள். அதில் நம் வீட்டில் இறந்தவர்கள் பெயரை எழுதிப் போடவேண்டும். தமிழ்ப் பூசையில் சாமியார் எல்லாப் பெயரையும் வாசிப்பார். எங்கள் வீட்டில் என் கையெழுத்து அழகு என்பதால் எழுதுவது நான். அவர் செத்த அந்த வருஷமும் உட்கார்ந்தேன். அப்பா பெயரை எழுதினேன். சகாயத்தின் பெயரை எழுதினேன். அம்மா பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"அவன் பேரையும் எழுது" என்றார்.

"எவன் பேர?" தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

"அண்ணன் பேர. அவனுக்கு எழுத யாரு கீறாங்க?"

"சகாவ கொன்னவன் பேர சகாவுக்குக் கீழ எழுத சொல்றியாம்மா?"

"ஆமா. அவன்தான் கொன்னான். எழுது."

இவ்வளவு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. அவரைக்கொட்டை பிதுக்குகிற கையை நிறுத்தாமல் சொன்னார். நெஞ்சிலிருந்து ஏதாவது இறங்கும் என்று பார்த்தேன். இறங்குவதற்குள் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீதான அவங்கிட்ட போயி சொன்ன, வலி தாங்கலன்னு. மருந்து வந்த அன்னிக்கே சகா எங்கிட்ட சொல்லிட்டான். எங்கக்கா சொல்லித்தாம்மா அண்ணன் அனுப்பிச்சாருன்னு. எம்மா சந்தோசமா சொன்னான் தெரியுமா!"

பேனாவை மூடினேன்.

"உனக்கு நான் இத்தினி வருசமா சோறு போட்டுகினுதான கீறேன்? அவனுக்கு ஒரு பேரு எழுதறதுல இன்னாடி? எழுது."

எழுதினேன். நவம்பர் நாலு ஞாயிறும் சகாயத்தின் பெயருக்கு அடுத்ததாக அந்தப் பெயரைச் சாமியார் வாசித்தார். நாலு தடவையும் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். அம்மா நேராகப் பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்துகொண்டேன்.

போன மாதம் நாங்கள் பிற்பாடு கட்டிய மாடிக்குக் குடிவந்திருக்கிற பையன், சேலத்துக்காரன், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாடகைச் சீட்டு வாங்க வந்தவன் வாசலில் நின்றுகொண்டே பேசினான். "அக்கா, இந்த ஏரியாவுல ஒரு பெரிய டான் இருந்தாராமே. அவர் சரக்குல ஒரு பையன் செத்துட்டானாம். அந்தப் பையனோட அம்மாவே இவருக்குப் பூசை வெச்சாங்களாம். அவனோட அக்கா தன் கையாலயே பேர் எழுதிக் குடுத்தாங்களாம். அப்பேர்ப்பட்ட மனுசனாம். நெசமாக்கா?"

அவர் கதையை யார் சொன்னாலும் அதில் எது பொய் என்று எடுத்துச் சொல்லித் திருத்துவது என் வழக்கம். இதில் திருத்த எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆமாம் தம்பி என்றேன்.